வெளியில் எப்படிக் கூப்பிடுவார்கள்?

போன ஆவணியில் ஒரு காலை. ஆறு மணி தாண்டிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஸ்டுடியோவில் புது ஏ.சி. எலும்புவரை குளிர்ந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சாயா ஆறிப்போய் மேலே ஏடு கட்டியிருந்தது. தொலைபேசி அடித்தது.

“பகவதியக்காதானே? துக்கம் ஒண்ணு சொல்லணும். அப்பா தவறிட்டாவ.”

பெண் குரல். இரவெல்லாம் அழுது, இனி அழத் தெம்பில்லாத குரல். நான் கணினியில் படிவத்தைத் திறந்தேன். ஆதாரில் உள்ளபடி பெயர். ஆதாரில் உள்ளபடி வயது. ஊர். கதவு எண். அடக்க நேரம். ஐந்து கட்டங்கள்தான். அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன். மரிய அந்தோணி. வயது அறுபத்தொன்று. மண்டைக்காட்டுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். மாலை மூன்றரைக்கு அடக்கம்.

“அக்கா, கப்பல்னு சேத்துச் சொல்லணும். கப்பல் அந்தோணின்னு. அப்பத்தான் ஆளு வெளங்கும்.”

“இப்ப அப்பிடிச் சொல்லக் கூடாதும்மா. புது ரூல் வந்திருக்கு.”

பின்னால் யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது. “ஒருக்க மட்டும் சொல்லப் பாடில்லியா?” என்றாள்.

“பேரும் ஊரும் தெளிவா வாசிக்கிறேன். நீ கவலப்படாதே.”

சரி என்று சொல்லாமலே வைத்துவிட்டாள். ஆறு நாற்பதுக்கு வாசித்தேன். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. அடுத்து நகைக்கடை விளம்பரம் ஓடியது. நான் சாயாவை ஜன்னல் வழியே கொட்டிவிட்டு வேறு ஒன்று போடப் போனேன்.

பதினாறு வருடமாகத் துக்கம் சொல்ல அழைத்த ஒவ்வொருவரிடமும் நான் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன். “வெளியில எப்பிடிக் கூப்பிடுவாங்க?” அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்காமலே அவள் சொன்னாள். நான்தான் வெட்டினேன்.

உயிரோடிருந்தவருக்கு ஒரு மாலை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நான் அஞ்சுகிராமத்துக்காரி என்பது தெரியும். எங்கள் பக்கம் ஒரு ஆளைச் சொல்ல ஒரு பெயரும் அதன் முன்னால் ஒரு எழுத்தும் போதும். அந்த நினைப்போடுதான் தென்கோடி எஃப்.எம்.மில் சேர்ந்தேன். நாகர்கோவிலில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மூன்று அறை. முதலாளிக்கு மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டம். வேலைக்கு நாங்கள் நாலு பேர்.

சேர்ந்த வருடம் ஒரு துக்க அறிவிப்பு வாசித்தேன். சூசை மிக்கேல் என்று பெயர், கீழே ஊர், நேரம். அவ்வளவுதான். மறுநாள் காலை ஒரு பெரியவர் படியேறி வந்தார். கையில் ஒரு சம்பங்கி மாலை. அதை என் மேஜைமேல் வைத்தார்.

“நான்தான் சூசை மிக்கேல். பல்லு தேச்சுக்கிட்டு நிக்கேன், பதினேழு பேரு மாலையோட வாறான். ஒருத்தி பாட்டாவே படிச்சு அழுதா. இத நீயே வச்சுக்க.”

எனக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. அவர் போகும்போது சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். செத்தது வேறு சூசை மிக்கேல், அவருக்கு ‘பீரங்கி’ என்று பேர், தனக்கு ‘கலெக்டர்’ என்று பேர், அந்த ஊரில் இன்னும் நாலு சூசை மிக்கேல் இருக்கிறார்கள், அதில் ஒருவன் ஆறாம் வகுப்பு படிக்கிறான்.

நம் கடற்கரை ஊர்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து நானூறு, ஐந்நூறு வருடம் ஆகிறது. அத்தனை தலைமுறையாக அதே பத்துப் பதினைந்து புனிதர்களின் பெயரைத்தான் மாற்றி மாற்றி இட்டு வருகிறார்கள். கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்க ஒரு பெயர். கடலிலும் கரையிலும் கூப்பிட ஊரே சேர்ந்து இட்ட இன்னொரு பெயர். அது இல்லாமல் அங்கே ஒரு ஆள் ஆளே இல்லை. தகப்பனுக்கு வந்தது மகனுக்கும் போகும். சாளை, ஓட்டவாய், ரெண்டு கட்டு, தபால். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அங்கே யாரும் அதை இழிவாக நினைப்பதில்லை.

அந்த மாலைக்குப் பிறகுதான் என் கேள்வி பிறந்தது. எல்லாரும் உடனே சொல்லிவிட மாட்டார்கள். படித்த பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார், “அதெல்லாம் வேண்டாம் மேடம், டீசன்ட்டா வாசிங்க” என்று வைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் மறுபடி அழைத்தார். “எழுதிக்கிடுங்க. ஓட்டவாய்.” அதைச் சொல்லும்போதுதான் அந்த மனிதருக்கு முதல்முறையாக அழுகை வந்தது. அப்பா போய்விட்டார் என்று அவருக்கே அப்போதுதான் புரிந்தது போலிருந்தது.

பேச்சு இல்லாத வீடுகள்

இப்போதெல்லாம் வாட்ஸ்அப் இருக்கிறதே, ரேடியோவில் எதற்குத் துக்கம் என்று நிலையத்தைப் பிறகு வாங்கிய சென்னைக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விடை தெரியாதவர்களுக்கு நியாயமாகத்தான் படும்.

ஊருக்குள் நடந்த சாவைக் கோயில் மணி சொல்லிவிடும். சொந்தபந்தத்துக்குப் போனில் சொல்லிவிடலாம். பேச்சு இல்லாத வீட்டுக்கு யார் சொல்வது? மனைத் தகராறு, கல்யாணத் தகராறு, கோயில் கமிட்டித் தகராறு என்று பத்து வருடமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஆளனுப்பினால் இறங்கிப் போனதாகிவிடும். சொல்லாமல் விட்டால் பாவம். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து முதலில் நீக்கப்படுவதும் இவர்கள்தான்.

அதற்குத்தான் ரேடியோ. ரேடியோவில் சொன்னால் ஊருக்கே சொன்னதாகிறது. தனியாக யாரையும் கூப்பிடவில்லை, யாரையும் விடவுமில்லை. கேட்டவன் வரலாம். அழைப்பில்லாமல் வந்தான் என்ற பேச்சும் வராது.

தோவாளைப் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேர், நடுவே ஒரே சுவர். அண்ணன் விடியுமுன்னே இறந்துபோனார். சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்காமலா இருந்திருக்கும்? தம்பி நடையிலேயே உட்கார்ந்திருந்தாராம். ஆறு நாற்பதுக்கு நான் வாசித்து முடித்த பிறகுதான் எழுந்து வேட்டி மாற்றினாராம். இதை அவருடைய மருமகளே பிறகு போன் செய்து சொன்னாள். என் குரலுக்கு இப்படியும் ஒரு வேலையா என்று பயமாக இருந்தது.

டிங்

ரப்பர் விலை விழுந்தது, முதலாளிக்கும் உடம்பு விழுந்தது. மகன்கள் துபாயில். நிலையத்தை ஒரு சென்னைக் கம்பெனி வாங்கியது. தென்கோடி எஃப்.எம். ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. திங்கள்கிழமை வந்தபோது நாங்கள் டிங் எஃப்.எம். மருந்துக் கடைக்காரர் மேலே பார்த்து, “இது என்னட்டி, ஐஸ் வண்டி மணியா?” என்று கேட்டார்.

எங்களைப் பார்த்துக்கொள்ள கார்த்திக் என்ற பையனை அனுப்பினார்கள். முப்பது வயதுதான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். மட்டிப்பழத்தைக் கண்டால் அவனுக்குக் கண்மண் தெரியாது, ஒரே இருப்பில் ஒரு சீப்பு தின்பான். வந்த முதல் நாள் என் எதிரில் உட்கார்ந்து பேசினான்.

“அக்கா, உங்க வாய்ஸ் செம. ஸ்லாங் மட்டும் கொஞ்சம் நியூட்ரலா போயிடலாம். கோயம்புத்தூர்ல கேக்குறவங்களுக்கும் ஓகே ஆகணும்.”

“கோயம்புத்தூர்ல நம்ம டவர் எடுக்காதே தம்பி.”

“ஆப்ல கேப்பாங்கக்கா.”

நான் ‘மக்கா’ என்று சொல்வது நின்றது. அதே வாரம் சென்னையில் பதிவான விளம்பர இசையில் யாரோ ஒருவன் அரை மணிக்கு ஒருமுறை ‘வேற லெவல் மக்கா’ என்று கத்த ஆரம்பித்தான். எங்கள் வாயிலிருந்து பிடுங்கிய வார்த்தையை ஜிகினா ஒட்டி எங்களுக்கே விற்றார்கள். அவன் சொன்ன மாதிரி அந்த வார்த்தையை இந்த மாவட்டத்தில் எவனும் சொன்னதில்லை.

பாட்டுப் பட்டியல் அங்கிருந்து வந்தது. மண்டைக்காட்டுக் கொடை சமயத்தில் கூட்டத்தில் தவறிய பிள்ளைகளின் சட்டை நிறத்தைச் சொல்லும் வழக்கம் போயிற்று. வடசேரியில் நெரிசல் என்பதையே சென்னையிலிருந்து ஒரு பெண் கொஞ்சிக் கொஞ்சிச் சொன்னாள். அவள் சொல்லும்போது வடசேரியில் ஒரு சைக்கிள்கூட நிற்காது.

துக்க அறிவிப்பைத் தூக்கிவிடுவது என்றுதான் முடிவு. காலை நேரத்து ‘மூடு’ கெடுகிறதாம். நான் சண்டை போட்டேன். அழுதேன் என்றும் சொல்லலாம். கார்த்திக்கே எனக்காக இரண்டு முறை சென்னைக்குப் பேசினான். கடைசியில் முப்பது விநாடி கொடுத்தார்கள். ஆனால் ஆதார் பெயர் மட்டும்தான், பட்டப்பெயர் எதுவும் கூடாது, யாராவது மானநஷ்ட வழக்குப் போட்டால் கம்பெனி தாங்காது என்று வக்கீல்கள் சொல்லிவிட்டார்களாம். நான் தலையாட்டினேன். ஜெயித்துவிட்டதாக வீட்டில் போய்ப் பெருமையடித்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

வாசலில் லூர்தக்கா

மருந்துக் கடை வாசலில் காலை எட்டு மணிக்கு மீன் விற்க உட்காருபவள் லூர்தக்கா. எழுபது தாண்டிய வயது. சொந்த ஊர் மேற்கே, கட்டிக்கொடுத்தது கிழக்கே ஒரு ஊருக்கு. புருஷன் இல்லை. என் வேலை எட்டரைக்கு முடியும். அவளிடம் மீன் வாங்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. பதினாறு வருடம் மீனும் ஊர்வம்பும் பேசியிருக்கிறோம். அவளுக்கு ஒரு தம்பி உண்டு என்பது மட்டும் ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை.

ஆவணியில் நான் சொன்ன அந்தக் காலை, அவளிடம் நெத்திலி வாங்கினேன். நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் கூடை இல்லாமல் வந்து படியில் உட்கார்ந்திருந்தாள்.

“பகவதி, அண்ணைக்கு வாசிச்சது நீதானே? மரிய அந்தோணின்னு.”

“நான்தான்க்கா.”

“அது எனக்க தம்பியாக்கும்.”

அவள் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தாய்வீட்டு மனையில் அவளுக்கும் பங்கு உண்டு. தம்பி கேட்காமல் அதில் வீடு கட்டினார். அதிலிருந்து பன்னிரண்டு வருடம் பேச்சில்லை. அந்த வீட்டிலிருந்து அவளுக்குப் போன் வராது, அவளும் எதிர்பார்க்கவில்லை.

“மீன் வண்டியில வாறப்பம் கேட்டேன். பேரக் கேட்டதும் நெஞ்சு திடுக்குன்னுது. பெறவு நெனச்சேன், அவனா இருந்தா பகவதி கப்பல்னு சொல்லாம இருக்க மாட்டா. வயசும் ஒத்து வரல்ல, அவனுக்கு அறுபத்தேழு. நம்ம ஊர்ல வேற ஏதோ அந்தோணின்னு குருசு வரஞ்சுக்கிட்டேன். அண்ணைக்கு முழுக்க மீன் வித்தேன் மக்கா.”

வாசித்த மறுநாள் விடியற்காலை துறையில் ஒருத்தி, “கப்பலுக்க அடக்கத்துக்கு நீ போவல்லியா?” என்று கேட்டபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஆதாரில் அவர் வயது ஆறு குறைந்து பதிவாகியிருந்தது.

“அந்தப் பேர இட்டது நானாக்கும். மூணு வயசுல கடல்ல எந்த வெளிச்சத்தக் கண்டாலும் கப்பலு, கப்பலுன்னு கத்துவான். இடுப்புல வச்சிருந்தது நான்.”

எனக்கு வந்தது அழுகை இல்லை. என்மேலேயே கோபம், ஒரு அருவருப்பு. இந்தக் கிழவி என்னை நம்பியிருக்கிறாள். நான் சொல்லவில்லை என்பதை வைத்தே தம்பி உயிரோடிருக்கிறான் என்று நிம்மதிப்பட்டிருக்கிறாள்.

அவள் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு காரியம் கேட்டாள். “நான் கேட்டும் வரல்லன்னு அவங்க நெனச்சிருப்பாவ. அப்பிடியில்லன்னு ரேடியோல ஒரு வார்த்த சொல்லு. ஏழாம் நாளு பூசைக்கு முன்ன சொன்னாப் போரும். நான் கோயிலுக்கு வந்து பின்னால நிண்ணுக்கிடுவேன்.”

கார்த்திக்கிடம் போனேன். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். பிறகு சொன்னான், “அக்கா, நேத்துல இருந்து லைவ் கிடையாது. நீங்க பேசுறதெல்லாம் ரெக்கார்ட் பண்ணி சென்னைக்குப் போயி, அப்ரூவ் ஆகித்தான் வரும். அனுப்பிப் பாக்குறேன்.” பதிவு செய்து கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. ‘காலை வணக்கம்’ இருந்தது, பாட்டின் பெயர் இருந்தது. நடுவில் நான் சொன்னது இல்லை.

ஏழாம் நாள்

ஏழாம் நாள் பூசை முடிந்த பிறகு மினிபஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். கதவு எண்ணைச் சொல்லி நாலு பேரிடம் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. கப்பல் வீடு என்றதும் ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு போய் விட்டாள்.

மகள் ஜெனிபா வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்ததுமே நிமிர்ந்து பார்த்தாள். “பகவதியக்கா,” என்றாள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“அத்த சொல்லி அனுப்பிச்சாங்களா?” லூர்தக்கா எங்கள் வாசலில் மீன் விற்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆமாம் என்றால் லூர்தக்கா இறங்கி வந்ததாகிவிடும். “இல்ல. நானாத்தான் வந்தேன்,” என்று எல்லாவற்றையும் சொன்னேன். பெயரை நான் வெட்டியதை, லூர்தக்கா மீன் வண்டியில் கேட்டதை, குருசு வரைந்ததை.

அவள் கையில் இருந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“மூணரைக்குல்லா அடக்கம் சொன்னோம். கோயில்ல இருந்து சாமியாரு ரெண்டு வாட்டி ஆள் விட்டாரு. அஞ்சே முக்கால் வரைக்கும் பெட்டிய மூடாம வச்சிருந்தோம் அக்கா. எந்த ஆட்டோ வந்தாலும் அம்ம எந்திரிச்சுப் பாக்கும். பெறவு அம்மதான் சொல்லிச்சு, மூடுங்க, அவளுக்கு இன்னும் கோவம் தீரல்லன்னு.”

உள்ளேயிருந்து அவளுடைய அம்மா வந்தார். வெள்ளைச் சேலை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என்னை உட்காரச் சொன்னார்.

“நீங்க பொய் சொல்ல வரல்ல, எனக்கு வெளங்குது. ஆனா எனக்கு வெளங்கி என்ன செய்ய? கூடப்பெறந்தவ மொகம் காட்டல்லன்னு ஊரெல்லாம் பேசிற்று. நாளைக்கு அவ வந்தா இப்பம் எதுக்கு வந்தான்னு நாலு பேரு கேப்பான். அவளும் தாங்க மாட்டா. ரேடியோல சொல்லுங்க. ஊரு கேக்கட்டு. பெறவு அவ எப்பம் வேணும்னாலும் வரட்டு.”

“சொல்றேன்மா,” என்றேன்.

“எப்பம் சொல்லுவீங்க?”

“நாளைக்கு.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நாளை ஒலிபரப்பாக வேண்டியதை முந்தின நாளே சென்னையில் முடித்திருந்தார்கள். அடுத்த மாதம் துக்க அறிவிப்பையும் எடுத்தார்கள், அதற்கடுத்த மாதம் என்னையும். லூர்தக்கா நாற்பத்தோராம் நாளுக்கும் அந்த ஊருக்குப் போகவில்லை. இன்றைக்கும் மருந்துக் கடை வாசலில்தான் உட்காருகிறாள். என்னைப் பார்த்தால் மீன் நிறுத்துக் கொடுக்கிறாள், பேசுவதில்லை.

வரும் ஆவணியில் ஓராண்டு பூசை. இந்தப் பத்திரிகை அந்த ஊருக்கு எத்தனை பிரதி போகும் என்று ஏஜென்டிடம் கேட்டேன். இரண்டு என்றார். ஒன்று முடிவெட்டும் கடைக்கு, ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. படிக்கிறவர்கள் தயவுசெய்து சத்தமாகப் படியுங்கள்.

துக்க அறிவிப்பு. ஊர்ப் பெயர் தேவையில்லை. மரிய அந்தோணி, வெளியில் கப்பல், வயது அறுபத்தேழு, போன ஆவணியில் காலமானார். அவருடைய அக்கா லூர்துக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. தெரிந்திருந்தால் வந்திருப்பாள். தவறு வாசித்தவளுடையது.